பாடாத ஒன்பது பேர்

மயிலாப்பூர்,
10 ஜூன் 2024

திரு. லாரன்ஸ் அவர்களுக்கு,

என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் அதையும் யாருக்காவது தள்ளிவிடுவீர்கள். அதனால் தாளில் எழுதுகிறேன்.

நம் கட்டுரையை வெளியிடவிருந்த ஆய்விதழின் ஆசிரியர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். "உங்கள் குழுவில் இருந்தவரே புகார் செய்திருக்கிறார்" என்று எழுதி, அந்தப் புகாரையும் அனுப்பியிருக்கிறார். கீழே உங்கள் கையெழுத்து. அடையாறில் என் மையத்துக்குப் பேச்சுப் பயிற்சியாளராக நான் வேலைக்கு எடுத்து, நான் பழக்கி, மாநாடுகளுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போன ஆளின் கையெழுத்து.

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களைப் பாடவைத்து, அந்தப் பாட்டு வழியாகவே பேச்சுக்குக் கொண்டுவரலாம் என்பதுதான் நம் ஆய்வு. ஒரு சொல்லும் பேச வராத மனிதர் ஒரு பாட்டை முழுதாகப் பாடுவதை நாம் இருவரும் சேர்ந்துதான் முதலில் பார்த்தோம். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டது நீங்கள். இன்று அதே ஆய்வை "மோசடி" என்கிறீர்கள்.

பயிற்சியை ஆரம்பத்திலேயே விட்ட ஒன்பது பேரை நான் மறைத்துவிட்டேனாம். மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? மருந்தே சாப்பிடாதவரைக் காட்டி மருந்து வேலை செய்யவில்லை என்று யாராவது சொல்வார்களா? வராதவர்கள் வராதவர்கள். அவ்வளவுதான்.

முனைவர் பட்டத்துக்கு நான் உங்களைப் பரிந்துரைக்காத கோபம் இது என்று மையத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தை என்னிடம் காட்டியிருக்கலாம். நோயாளிகளின் பெயரில் காட்டியிருக்க வேண்டாம்.

இந்த வாரத்துக்குள் புகாரைத் திரும்பப் பெறுங்கள். இல்லையென்றால் சென்னையில் எந்த மருத்துவமனையும் உங்களை உள்ளே விடாதபடி என்னால் செய்ய முடியும்.

டாக்டர் நீரஜா


சாந்தோம்,
14 ஜூன் 2024

மேடம்,

மிரட்டலை உங்கள் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டுத் தந்ததற்கு நன்றி. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த ஒன்பது பேர் "வராதவர்கள்" இல்லை. வர முடியாதவர்கள். ஒன்பது பேரும் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்கள். மையத்துக்கு நடந்தே வந்துவிடுவார்கள். அரசு அந்த வீடுகளை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகு எப்படி வருவார்கள்? வலது கையும் காலும் வராத ஒருவரைப் பேருந்தில் ஏற்றி, இறக்கி, இன்னொரு பேருந்தில் ஏற்றி, அடையாறு டிப்போவிலிருந்து மையத்துக்குத் தாங்கிக் கூட்டிவர ஒரு ஆள் முழுநாள் வேலையை விட வேண்டும். மையத்து வேனை வாரம் ஒருமுறை அனுப்பலாமா என்று நான் கேட்டது நினைவிருக்கிறதா? "வேன் விருந்தாளிகளுக்கு வேணும், லாரன்ஸ்" என்றீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் மையத்துக்கு வரப்போகும் புதுக் கட்டடத்தைப் பார்க்க வந்த விருந்தாளிகள்.

சரி, அனுப்பவில்லை. அதையாவது எழுதினீர்களா? கட்டுரையில் "பயிற்சியில் சேர்ந்த அனைவரிலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்தவர்களில் இவர்களும் உண்டு. இவர்களைப் பேச்சு வராதவர்களாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால் நீங்கள் மேடைக்கு மேடை காட்டும் அந்தப் பெரிய வெற்றி சாதாரண வெற்றியாகச் சுருங்கிவிடும். அதனால்தான் ஆட்களையே காணாமல் ஆக்கினீர்கள்.

முனைவர் பட்டத்தைப் பற்றி: ஆம், கோபம் இருக்கிறது. நீங்கள் மறுத்ததற்காக இல்லை. "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம், நீங்கதான் நல்லாப் பாடறேளே" என்று சிரித்துக்கொண்டே மறுத்ததற்காக. மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவனுக்கு மூளை எதற்கு என்பதுபோல.

புகார் அப்படியே இருக்கும்.

லாரன்ஸ்


மயிலாப்பூர்,
19 ஜூன் 2024

லாரன்ஸ்,

உங்கள் கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். ஒரு வாக்கியம் போதும், நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ள. "பேச்சு வராதவர்களாகச் சேர்த்து" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர்களுக்குப் பேச்சு வரவில்லை என்று யார் சொன்னது? நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? பெரும்பாக்கம் எந்தப் பக்கம் என்றாவது தெரியுமா? நான் அவர்களை விட்டுவிட்டேன் என்கிறீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? சாந்தோமில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒன்பது பெயருக்கு எதிரே ஒன்பது சுழியம் போட்டு, கடல் தாண்டி ஒரு ஆசிரியருக்கு அனுப்பினீர்கள். எனக்கு அவர்களைப் பற்றித் தெரியாது, அதனால் சேர்க்கவில்லை. உங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்ததுபோல் எழுதினீர்கள். இதில் எது மோசடி?

உங்களுக்கு ஏழைகள் வேண்டும். அவர்கள் ஊமையாக இருக்கவும் வேண்டும். அப்போதுதான் உங்கள் புகார் நிற்கும்.

இதை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். நீங்கள் நேர்மையானவர் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

நீரஜா


சாந்தோம்,
7 ஜூலை 2024

மேடம்,

போய்ப் பார்த்தேன். உங்களுக்காகப் போகவில்லை. உங்கள் வாயை அடைக்கப் போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் முருகையன். பாண்டி பஜார் நடைபாதையில் துணி விற்றவர். கூவிக் கூவியே ஆள் சேர்ப்பவர் என்று அவர் மனைவி வேலம்மா முதல் நாள் சொன்னபோது, "அப்ப குரல்தான் அவருக்குத் தொழில்" என்று நீங்கள் உருகினீர்கள். ஒன்பது பேரையும் போலவே அவரும் மையத்துக்கு வந்தது மூன்றோ நான்கோ தடவை. பாட்டு சரியாக ஆரம்பிக்கக்கூட இல்லை.

அவர் வீடு மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்த வேலம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

உள்ளே முருகையன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறார் என்று வேலம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"என்னாண்ட... கேளு. இன்னாத்துக்கு... அவளாண்ட கேக்கற?"

மேடம், எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் புகார் உடைந்த சத்தம்தான் முதலில் கேட்டது. அப்படிப்பட்ட ஆளாகத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் பாடிப் பழகினீர்களா என்று வேலம்மாவிடம் கேட்டேன்.

"பாட்டா? அதெல்லாம் ஆத்தாண்டையே வுட்டுட்டு வந்துட்டோம் சார். இங்க வந்து செவுத்தைப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தாரு. சாப்ட்டியான்னாலும் பதில் இல்ல. அப்பால ஒரு நாளு மேல் வூட்டுக்காரன் பக்கெட் தண்ணிய வெளிய கொட்டிட்டான். இவுரு துணி காயப் போட்டு வெச்சிருந்தது எல்லாம் நனைஞ்சு பூட்ச்சு. ஜன்னலாண்ட போயி, 'டேய்'ன்னாரு பாரு! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்புறம் தினிக்கும் சண்டைதான். இப்ப நிறுத்துன்னா நிறுத்த மாட்டேங்கறாரு."

பிறகு வேலம்மா கேட்டார்: "நாங்க வரலைன்னு தெரிஞ்சுதில்ல? ஒரு போன்... உங்க டாக்டரம்மாவோ நீயோ, ஒருத்தராவது போட்டீங்களா?"

மற்றவர்களையும் தேடிப் போனேன். தேவானை இறந்துவிட்டார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவர் மகள் கதவைச் சாத்திவிட்டாள். இரண்டு பேருக்கு இன்னும் ஒரு சொல்லும் இல்லை. மீதி ஐந்து பேரும் பேசுகிறார்கள். முருகையன் அளவுக்கு இல்லாவிட்டாலும், வேண்டியதைக் கேட்கிற அளவுக்கு.

இதன் பொருள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் நம்மோடு பாடியவர்களில் எத்தனை பங்கு பேருக்குப் பேச்சு வந்ததோ, பாடாத இவர்களிலும் ஏறக்குறைய அத்தனை பங்கு பேருக்கு வந்திருக்கிறது. அப்படியானால் நம் பாட்டு என்ன செய்தது? மூளை தானாகத் தேறிக்கொண்டதை நாம் பாட்டின் கணக்கில் எழுதிக்கொண்டோம். நீங்கள் விட்ட ஒன்பது பேரைச் சேர்த்தால் உங்கள் வெற்றி குறையும் என்றுதான் நான் சொன்னேன். அது தப்பு. வெற்றியே இல்லை.

என் புகாரில் இருந்த பிழையை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். நான் பார்த்ததையும் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. புகாரில் இதை எழுதாமல் விட்டிருந்தேன். இனி விட முடியாது.

ஆய்வை நடத்துபவரின் கணவரே அந்த ஆய்வில் ஒரு நோயாளி. இதை, ஆய்வுக்கு அனுமதி தந்த நன்னெறிக் குழுவுக்கு நீங்கள் சொல்லவில்லை. மாநாட்டில் காட்டும் அந்த வீடியோவில் இருப்பது சாய்நாத் சார். உயர் நீதிமன்றத்தில் வாதாடிய மனிதர், பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் தாளம் போடுகிறேன். முழுக் கீர்த்தனையையும் ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார். அதைப் பார்த்து மாநாட்டு அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். வீடியோ அங்கே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நம் இருவருக்கும்தான் தெரியும். அவருக்குத் தாகம் எடுத்தது. கூஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்க வரவில்லை. மறுபடி அதே பல்லவியைப் பாடினார். நான் புரியாமல் தாளம் போட்டேன்.

அவர் பாடுகிறார், மேடம். தண்ணீர் கேட்கிறாரா?

லாரன்ஸ்


மயிலாப்பூர்,
10 ஜூலை 2024

என் கணவர் பெயரை இனி உங்கள் பேனா எழுதக் கூடாது.

எங்கள் ஆத்தில் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் பார்த்ததையெல்லாம் சேர்த்துவைத்து, சமயம் பார்த்துக் கத்தியாக எடுத்திருக்கிறீர்கள். உங்களைப் போல் ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் பேச்சு எவ்வளவு திரும்பியது என்று மதிப்பெண் போடும் வேலை என்னுடையது இல்லை. உங்களுடையது. அவருக்கு நல்ல மதிப்பெண் போட்டது யார்? தண்ணீர் கேட்கத் தெரியாதவருக்கு, "தேவைகளைச் சொல்லால் தெரிவிக்கிறார்" என்று எழுதியது யாருடைய கை?

ஆசிரியருக்கு எழுதும்போது அதையும் எழுதுங்கள், பார்க்கலாம்.

நீரஜா


சாந்தோம்,
15 ஜூலை 2024

மேடம்,

எழுதிவிட்டேன். என் கைதான்.

அன்று பயிற்சி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள். டாக்டராக நிற்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டேன். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் போட்ட பிறகு அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவும் இல்லை. அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர் நீங்கள். அது பொய் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியது சாரிடம். "இவர் தேறிவிட்டார்" என்று நான் எழுதிய அன்றோடு அவருக்குப் பயிற்சி நின்றுவிட்டது. தேறியவருக்கு எதற்குப் பயிற்சி? அதற்குப் பின் அவருக்குக் கிடைத்ததெல்லாம் வீடியோவும் விருந்தாளிகளும்தான். வருகிறவர்களுக்கெல்லாம் பாடிக் காட்டினார். நீங்கள் பாடவைத்தீர்கள்.

எனக்கு இனி யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று நீங்கள் மிரட்டியதை இப்போது நானே செய்துகொண்டுவிட்டேன். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

லாரன்ஸ்


மயிலாப்பூர்,
2 ஆகஸ்ட் 2024

லாரன்ஸ்,

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். சாய்நாத்தைப் பற்றியும். நன்னெறிக் குழு விசாரிக்கிறது. புதுக் கட்டடம் இப்போதைக்கு இல்லை. உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

நீங்கள் சொன்னதால் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடைசிக் கடிதம் வந்த பிறகு, உங்களைப் பொய்யராக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகன் ஷ்ரவணைப் போனில் கூப்பிட்டு, அப்பா பேசுகிறாரா இல்லையா, நீயே சொல் என்றேன். பிள்ளை ஏதாவது நல்லதாகச் சொல்வான் என்று. அவன் என் உடம்பைப் பற்றி விசாரித்தான். பிறகு, "அப்பா பாடறாரேம்மா... அது போறாதா?" என்றான்.

அந்த "போறாதா"வில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவனும் எனக்காகத்தான் சும்மா இருந்திருக்கிறான், உங்களைப் போலவே.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எதிரே உட்கார்ந்தேன். டாக்டராகத்தான் உட்கார்ந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கையில் எடுத்து, "ஏன்னா, இது என்னன்னு சொல்லுங்கோ" என்றேன். சிரித்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். "பாட வேண்டாம். சொல்லுங்கோ." பாடினார். காபி டம்ளரை எடுத்தேன். பாடினார். என்னைத் தொட்டுக் காட்டி, "நான் யாரு?" என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என்னை "நீரு" என்று கூப்பிட்டவர். ஸ்ட்ரோக் வந்த பிறகு ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. அதை நான் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. என் முகத்தைப் பார்த்து, விருந்தாளிக்குப் பாடுவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, பல்லவியை எடுத்தார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கையால் அவர் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார். இன்னும் அழுத்தினேன்.

அவர் கண்ணில் முதலில் பயம்தான் தெரிந்தது. அதற்கப்புறம், இந்த இரண்டு வருஷத்தில் நான் பார்க்காத ஒன்று. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்.

"போ" என்றார்.

ராகம் இல்லை. தாளம் இல்லை. வெறும் சொல். நான் எழுந்து போகவில்லை. அவருக்கு இன்னும் கோபம் ஏறியது.

"போ. போடீ."

நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன், அவர் சொன்னபடி.

இதை எந்தக் கணக்கிலும் எழுதமாட்டேன். பாட்டால் வந்தது என்றோ, கோபத்தால் வந்தது என்றோ சொல்லமாட்டேன். ஒருமுறை நடந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்கிற புத்திசாலித்தனம் எனக்கு இனி வேண்டாம். ஆனால் அவரிடம் சொல் இருக்கிறது. அது மட்டும் தெரிந்துவிட்டது. அதை வெளியே கொண்டுவர என்னால் முடியாது. நான் எதிரே உட்கார்ந்தால் அவர் பாடுகிறார். அப்படிப் பழக்கியது நான்.

பெரும்பாக்கத்துக்கு இந்த மாதத்திலிருந்து ஒரு பயிற்சியாளரை அனுப்புகிறேன். மையத்திலிருந்து என்னை வெளியேற்றும் வரை அனுப்புவேன். முதல் தடவை நானும் போனேன். வேலம்மா என்னை உள்ளே விடவில்லை. முருகையன் ஜன்னலிலிருந்து, "அந்தம்மாவ... போவச் சொல்லு" என்றது வாசலுக்கே கேட்டது. பயிற்சியாளரை மட்டும் உள்ளே விட்டார்கள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. "தண்ணீர் கேட்கிறாரா" என்று எழுதிய கையை என்றைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனால் பயிற்சி தருகிறவர்களில் அவருக்கு யாரைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமைகளில் காலையில் வர முடியுமா? பாட்டு வேண்டாம். முதலில் தண்ணீர். பிறகு மற்றது.

நீரஜா


சாந்தோம்,
5 ஆகஸ்ட் 2024

மேடம்,

வருகிறேன். நான் இருக்கும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

லாரன்ஸ்